அடிகளார் கற்ற மொழிகள்

மொழி கற்றற்குரிய பருவம் இளமையே என்பது நம்மவரிடையே ஆழ வேரூன்றிய எண்ணம். எங்கள் லாபிஸ் வட்டாரத்து ஆசிரியர்களுள்ளும், பணி ஓய்வை நெருங்கும் வேளையில் அரபியோ சப்பானியமோ பயிலத் தொடங்கி, மூன்றாம் திங்களிலேயே நூலை மூடிவைத்தவர் பலர். நினைவாற்றல் குன்றிவிட்டது என்பர். தவத்திரு சேவியர் தனிநாயக அடிகளாரின் வரலாற்றை நோக்குவார்க்கு அக்காரணம் போதாது என்பது விளங்கும்.

1966ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவர் என்ற அளவிலேயே மலேசியத் தமிழர் அவரைப் பெரிதும் அறிவர். அவர் பன்மொழிப் புலவர் என்பதும் மேடைதோறும் பேசப்படுவதே. ஒருவர் பத்து மொழி என்பார். அடுத்துப் பேசுபவர் பதினைந்தாக உயர்த்துவார். எண்ணிக்கையில் நாம் காட்டும் ஆர்வம், அம்மொழிகளை அவர் எப்பொழுது, எதன்பொருட்டுக் கற்றார் என்பதில் இல்லை.

யாழ்ப்பாணத்தை அடுத்த கரம்பொனில் 1913-இல் பிறந்த அடிகளார், ஆங்கிலவழிக் கல்வி பெற்றவர். குருத்துவக் கல்வி இலத்தீனைத் தந்தது. 1934 முதல் 1939 வரை உரோமையில் பயின்ற காலத்தில் இத்தாலியம் அன்றாட வழக்காயிற்று. அங்கே தமிழ் மாணவர் கூடி வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகம் கண்டனர். பொருத்தமான பெயர்தான்: முப்பது வயதளவில் இந்தியா வந்த பின்னரே தமிழைத் தொட்டு, 1732-இல் சதுரகராதி தந்தவரல்லரோ அம்முனிவர்!

ஆனால் அடிகளார் கற்ற மொழிகளுள் என்னை வியக்க வைப்பது தமிழே. 1940-இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திற்குப் பள்ளிப் பணிக்கு வந்தபொழுது அவருக்கு வயது இருபத்தேழு. உரோமையில் உயர்கல்வி முடித்தவர். ஐரோப்பிய இலக்கியம் அறிந்தவர். தம் தாய்மொழியின் இலக்கியத்தையோ முறையாகப் பயிலாதவர். பண்டிதர் ஒருவரிடம் பாடங்கேட்டார். அதனோடு அமையாது, 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய்ச் சேர்ந்தார். முப்பத்திரண்டு வயதில், தம்மினும் பத்தாண்டு இளையாரோடு ஒரே பலகையில் அமர்ந்த அத்துணிவை நம் பயிற்சிக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுப்பார் இல்லை. பண்டைத் தமிழ்ச் செய்யுளில் இயற்கை என்பது குறித்த அவருடைய ஆய்வு அங்கு விளைந்ததே.

இதன்பின் மொழிகள் வேலை செய்யத் தொடங்கின. 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கித் தமிழாய்வைப் பிற நாட்டார்முன் வைத்தார். போர்த்துக்கீசியமும் அவருக்குக் கைகொடுத்தது. 1554-இல் லிசுபனில், தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் அமைத்துப் போர்த்துக்கீசியப் பொருளோடு அச்சிட்ட சிறுநூலை ஆராய்ந்து அறிஞருலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். அந்தாம் தெ புரோயென்சா தொகுத்து, 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் 1961 முதல் 1969 வரை பணியாற்றிய அடிகளார், 1966-இல் அதனை நிழற்பட முறையில் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டார். சதுரகராதிக்கும் அரை நூற்றாண்டு முற்பட்ட தமிழ்ச் சொற்களின் தொகுதி, நம் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் வழியாக மீண்டும் உலகுக்குக் கிட்டியது. மாநாட்டின் ஊர்வலங்களைவிட இப்பணியே பெரிதென்பது என் துணிபு.

மொழிகளைச் சேர்த்து வைப்பவனுக்கு அவை விரைவில் துருப்பிடிக்கும். அடிகளாரிடத்தில் ஒவ்வொரு மொழிக்கும் படிக்க வேண்டிய ஏடு ஒன்று காத்திருந்தது. எழுத வேண்டிய மடல் ஒன்று இருந்தது. எல்லா மொழியிலும் ஒரே அளவு சொல்வன்மை வேண்டும் என்று கருதுவதே நம்மவர் இடையில் கைவிடுவதற்குக் காரணம் என எண்ணுகிறேன். ஒரு மொழியை வாசிக்க மட்டும் கற்றல் இழிவன்று. லாபிஸ் கடைத்தெருவில் இலக்கணம் ஒன்றும் அறியாமலே மலாயும் சீனமும் பேசிப் பொருள் வாங்கும் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அம்மொழிகள் மறப்பதில்லை. நாள்தோறும் அவற்றுக்கு அலுவல் இருக்கிறது.

தமிழ், மலாய், ஆங்கிலம் என்னும் மூன்றுமே நம் மாணவர்க்குச் சுமை என்பாரும் உளர். தமிழின் மேசை மலாயில் மேஜா. நம் சப்பாத்து அங்கே செப்பாத்து. நம் சன்னல் அங்கே ஜெண்டேலா. இருமொழிக்கும் இவற்றை ஈந்தது அப்போர்த்துக்கீசியமே. எங்கள் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவரிடம் இதனைக் கூறியபொழுது, அவர்கள் வகுப்பறையில் உள்ள பொருள்களையெல்லாம் சுட்டி வினவத் தொடங்கினர். அலமாரியைக் கண்டுபிடித்தவள் பின்வரிசைச் சிறுமி.