ராட்சதனும் அதிர்ஷ்டப் படகும்

1986. அமெரிக்க வீடியோ கேம் கடைகளில் புதிதாக ஒரு மெஷின் வந்து நின்றது. பெயர் 'ராம்பேஜ்'. பாலி மிட்வே கம்பெனியின் சரக்கு. கட்டம் கட்டமாகப் புள்ளிகளை அடுக்கி வரைந்த மூன்று ராட்சதர்கள். ஜார்ஜ் ஒரு கொரில்லா. லிஸ்ஸி ஒரு பல்லி. ரால்ஃப், ஓநாய். காசைப் போட்டால் உங்களுக்கு ஒரே வேலைதான். கட்டடத்தில் தொற்றி ஏறு, குத்து, உடை. ஜன்னலில் எட்டிப் பார்க்கிறவனைப் பிடித்து வாயில் போட்டுக்கொள். எல்லாம் சரிந்ததா? சரி, அடுத்த ஊர்!

ஒரு வேடிக்கை. அடி தாங்காமல் போனால் ராட்சதன் சாகமாட்டான். சுருங்கிச் சுருங்கி, ஒட்டுத்துணி இல்லாத மனுஷனாகி, கையால் மானத்தை மறைத்துக்கொண்டு ஓரமாக நழுவிவிடுவான். மூவருமே ஒரு காலத்தில் மனிதர்கள்தான். அதில் லிஸ்ஸியைப் பல்லியாக்கியது எது தெரியுமோ? ஒரு கதிரியக்க ஏரி.

பல்லி சரி, கதிரியக்கம் எங்கிருந்து வந்தது?

அதற்கு 1954-க்குப் போகவேண்டும். மார்ச் 1, விடியற்காலை. பசிபிக் கடலில் பிகினி தீவுக்குக் கிழக்கே ஒரு ஜப்பானியப் படகு சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. 23 பேர். படகின் பெயருக்கு அர்த்தம், 'ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்'. (விதிக்கு இப்படி ஒரு கிண்டல்.) திடீரென்று மேற்கே சூரியன் உதித்தது. ஆமாம், மேற்கே.

அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்திருக்கிறது. 6 மெகாடன் வரும் என்று கணக்குப் போட்டார்கள். வந்ததோ 15. ஹிரோஷிமா குண்டைப்போல ஆயிரம் மடங்கு. படகு இருந்தது சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, ஆபத்துப் பகுதி என்று அறிவித்த எல்லைக்கு வெளியே. என்ன பிரயோஜனம்? வானத்திலிருந்து வெள்ளைச் சாம்பல் கொட்டியது. பவளப்பாறைத் தூள். மணிக்கணக்காகக் கொட்டியது. ஓஇஷி மடாஷிச்சி என்கிற இளைஞர் அதை எடுத்து நாக்கில் வைத்தே பார்த்துவிட்டார்.

கரைக்கு வருவதற்குள் தோல் கறுத்து, முடி கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்தது. மீன் மார்க்கெட்டில் கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு ஆட்கள் வந்தார்கள். சூரை மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். குடும்பப் பெண்கள் தொடங்கிவைத்த அணுகுண்டு எதிர்ப்புக் கையெழுத்து 3 கோடியைத் தாண்டியது. செப்டம்பர் 23-ம் தேதி படகின் ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா இறந்துபோனார். 40 வயது. கதிர்வீச்சு காரணமில்லை என்று அமெரிக்கா சாதித்தது. அடுத்த ஜனவரியில் 20 லட்சம் டாலர் கொடுத்தபோதும், நஷ்டஈடு என்ற வார்த்தையை மட்டும் ஜாக்கிரதையாகத் தவிர்த்தது.

அவர் இறந்து ஆறே வாரத்தில், நவம்பர் 3 அன்று, தோஹோ கம்பெனி ஒரு படத்தை ரிலீஸ் செய்தது. 'காட்ஸில்லா'. முதல் காட்சியே நடுக்கடல், ஒரு கப்பல், கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். தியேட்டரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. டைரக்டர் இஷிரோ ஹோண்டா யுத்தத்திலிருந்து திரும்பும்போது ஹிரோஷிமாவின் இடிபாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர். ரப்பர் உடைக்குள் புகுந்து நகாஜிமா என்பவர் வேர்த்து விறுவிறுத்து பொம்மை டோக்கியோவை மிதித்துத் தள்ளினார். சுமார் 96 லட்சம் பேர் டிக்கெட் வாங்கினார்கள். யாரும் சிரிக்க வந்தமாதிரி தெரியவில்லை.

1956-ல் படம் அமெரிக்கா போனது. ஓர் அமெரிக்க நிருபரை நடுவில் ஒட்டவைத்தார்கள். குண்டு பற்றிய பேச்சில் பாதியை வெட்டினார்கள். மிச்சம் இருந்தது, ஊரை உடைக்கிற பல்லி. முப்பது வருஷம் கழித்து அதைத்தான் பையன்கள் காசு போட்டு விளையாடினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, விளையாட்டு நிஜமாகவே ஜோராக இருக்கும்.

ஓஇஷி ஊரை விட்டு டோக்கியோவுக்குப் போய் சலவைக் கடை வைத்தார். நோய்க்காரன் என்று ஒதுக்குவார்களே என்ற பயத்தில் பல வருஷம் வாயே திறக்கவில்லை. பிறகுதான் பள்ளிப் பிள்ளைகளிடம் பேச ஆரம்பித்தார். 2021-ல் காலமானார்.

படகு? கடைசியில் டோக்கியோ குப்பைமேட்டுத் தீவு ஒன்றில் வீசப்பட்டுக் கிடந்தது. ஜனங்கள் சத்தம் போட்டுக் காப்பாற்றினார்கள். 1976-லிருந்து அதே தீவில், ஒரு கண்காட்சிக் கூடத்துக்குள் நிற்கிறது.