விம்பிள்டனில் யார் உட்கார்ந்தார்கள்?



டிவியில் விம்பிள்டன் டென்னிஸ் ஓடும்போது என் கண் பந்தைவிட்டுப் பார்வையாளர்கள் பக்கம் போய்விடும். வரலாறு நடத்தியவனின் பழக்கதோஷம்! இவர்கள் யார்? எவ்வளவு கொடுத்து உள்ளே வந்தார்கள்?

முதல் போட்டி நடந்தது 1877-இல். இறுதி ஆட்டத்துக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். வந்தவர்கள் சுமார் 200 பேர். அன்று இங்கிலாந்தில் பண்ணைத் தொழிலாளியின் வாரக் கூலி ஏறத்தாழ 14 ஷில்லிங். அரைநாள் கூலியைக் கொடுக்கத் துணிந்தாலும் அவரால் வந்திருக்க முடியாது; ஆட்டம் நடந்தது வியாழக்கிழமை. அந்தப் போட்டியின் நடுவே, ஈட்டன், ஹாரோ என்ற பணக்காரப் பள்ளிகளின் கிரிக்கெட் ஆட்டத்துக்காக இடைவேளையும் விட்டார்கள். கூட்டம் எந்த வர்க்கம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பிறகு கூட்டம் பெருகியது. புதிய மைதானத்துக்குப் பணம் திரட்ட 1920-இல் டிபெஞ்சர் என்ற கடன்பத்திரம் வெளியிட்டார்கள். வாங்கியவருக்கு இருக்கை உறுதி. 1924-இல் பொதுமக்களுக்குக் குலுக்கல் முறை வந்தது. இவை தவிர, அன்றன்று வரிசையில் நின்றும் டிக்கெட் வாங்கலாம். ஆக, உள்ளே போக மூன்று வாசல்: பணம், அதிர்ஷ்டம், பொறுமை.

பண வாசலின் இன்றைய விலையைக் கேளுங்கள். 2026 முதல் 2030 வரை சென்டர் கோர்ட்டில் ஓர் இருக்கைக்கான பத்திரம் 1,16,000 பவுண்டு. ஆண்டுக்கு 14 நாள் என்று வகுத்தால், ஒரு நாளைக்கு 1,650 பவுண்டுக்கு மேல்! பொறுமை வாசலில் நிற்பவர்களோ முதல் நாள் இரவே பூங்காவில் கூடாரம் போட்டுப் படுக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: அந்த மைதானத்தைக் கட்ட உதவியது பத்திரக்காரர்களின் பணம்தான்.

1991-இல் ஓர் அதிசயம் நடந்தது. முதல் வாரம் மழையில் போனதால், அன்று வழக்கமாக விடுமுறையாக இருந்த நடு ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டம் வைத்தார்கள். முன்பதிவு கிடையாது. 10 பவுண்டு கொடுத்து, முதலில் வந்தவர் முதல் வரிசையில் உட்காரலாம். இளைஞர்கள் குவிந்தார்கள். அலை அலையாக எழுந்து கைதூக்கி ஆரவாரம் செய்தார்கள். அதே மைதானம், அதே புல்தரை. வாசலை மாற்றியதும் கூட்டத்தின் முகமே மாறிவிட்டது.

வசதி இல்லாதவர்களுக்கு ரசனை இல்லை என்று யாராவது சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நேரில் பார்த்த முதல் விளையாட்டுப் போட்டி எது? டிக்கெட் எப்படிக் கிடைத்தது? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.