தும்புக் கயிறும் துள்ளும் பிள்ளைகளும்

1667ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டத் தொடங்கிய கற்பிட்டியிலிருந்து தெற்கே சிலாபம் வரை நீளும் புத்தளக் கடற்கரையில், தேங்காய் மட்டையை நீரில் ஊறவைத்து, அடித்துத் தும்பாக்கி, முறுக்கிக் கயிறாக்கும் கைத்தொழிலும், வலையின் இரு கயிறுகளையும் பற்றி நிரைநிரையாக நின்று இழுக்கும் கரைவலைத் தொழிலும் பரம்பரையாக விளங்கியமையால், பாடசாலையில் உடற்கல்வி என்றொரு பாடம் உதிப்பதற்கு முன்னரே கயிறு பிள்ளைகளின் கைக்கு எட்டிய விளையாட்டுப் பொருளாயிற்று என்பது என் அபிப்பிராயம்; கடைக்குப் போய் வாங்கவேண்டிய வஸ்துவன்று அது.

அந்தக் கயிற்றை இருவர் சுழற்ற மற்றவர் பாயும் நெடுங்கயிறு விளையாட்டைக் கற்பிக்கும் கிரமத்தில் பாய்தல் முதலன்று, சுழற்றுதலே முதல். இருவர் எதிரெதிரே நின்று, கயிற்றின் நடுப்பகுதி மண்ணில் பட்டு ஓசை எழும்படி ஒரே லயத்தில் சுழற்றப் பழகிய பின்பு, மூன்றாமவர், மேலிருந்து இறங்கும் கயிறு தம் முகத்தைக் கடந்து அப்பால் விலகும் க்ஷணத்தில் அதைப் பின்தொடர்ந்து உட்புகுந்து, நடுவில் நின்று பாய்ந்து, எதிர்ப்புறமாக வெளியேற வேண்டும். பாரமான தும்புக் கயிறு கடற்காற்றுக்கு எளிதில் அசையாது. நைலோன் கயிறோ தென்மேற்குப் பருவக்காற்றில் நெளியும். ஆயினும், தும்புக் கயிறு கணுக்காலில் உராய்ந்த எரிச்சலை அனுபவித்தவர் நைலோனைக் குறை கூறார்.