தோட்டாவும் தூரமும்

டில்லியிலும் லக்னோவிலும் வாழும் நம் தமிழ் அன்பர்கள் பலர், விடுமுறை நாட்களில் ராம்நகர் வரை சென்று கார்பெட் தேசியப் பூங்காவைக் கண்டு திரும்புகிறார்கள். நாகபுரியிலும் ஜபல்பூரிலும் குடியேறியவர்களுக்குக் கான்ஹா வனம் அண்டையிலேயே இருக்கிறது. இன்று இக்காடுகளில் வேட்டையாடுவது கடுங்குற்றம். ஆயினும் ஒரு காலத்தில் இங்கே கூடாரமடித்துத் தங்கியவர்கள், இராப்பொழுதில் தீயைச் சுற்றி அமர்ந்து ஓயாமல் வாதாடிய பொருள் ஒன்று உண்டு. எந்தத் தோட்டா சிறந்தது என்பதே அது. அவ்வாதத்தின் வரலாற்றை நாம் இங்கே சிறிது ஆராய்வோம். இது ஆயுதப் பிரியர்களுக்கு மட்டுமே உரிய கதை என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். வேட்டைக்காரன் ஒருவனது குறி பிழைத்ததற்கு, அவன் முகத்தையே கண்டிராத மலைக்கிராமத்து மக்கள் தம் உயிரை விலையாகக் கொடுத்ததும் இவ்வரலாற்றில் அடங்கும்.

தோட்டா என்பது நான்கு பகுதிகள் கொண்டது. பித்தளைக் கூடு ஒன்று, அதன் அடியில் தீப்பற்றும் மூடி, உள்ளே மருந்து, முகப்பில் குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்த மருந்து கரிமருந்தாகவே இருந்தது. அது வெடித்தால் புகை மண்டும்; குண்டின் வேகமும் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. ஆகவே பலம் வேண்டியவர்கள் குண்டின் பருமனைக் கூட்டினார்கள். ஓரளவு வேகமும் வேண்டும் என்றவர்களுக்காக, இலேசான குண்டும் மிகுதியான மருந்தும் கொண்ட ‘எக்ஸ்பிரஸ்’ ரைபிள்கள் தோன்றின. விரைவு ரயிலின் பெயரே அவற்றுக்கு வாய்த்தது. அப்படியிருந்தும், 300 கஜத்தை எட்டுவதற்குள் அக்குண்டு ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் கீழே தாழ்ந்துவிடும். ஆதலால் அக்காலத்து வேட்டைக்காரன் விலங்கை நெருங்கியே தீரவேண்டியிருந்தது. கருவியின் குறையே அவனுக்குப் பொறுமையைக் கற்பித்தது எனலாம்.

1889ஆம் ஆண்டில் பிரிட்டனில் கார்டைட் என்னும் புகையற்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் நிலைமை அடியோடு மாறிற்று. 1898இல் ரிக்பி கம்பெனியார், 480 கிரெயின் எடையுள்ள குண்டை விநாடிக்கு 2,150 அடி வேகத்தில் செலுத்தும் 450 தோட்டாவை வெளியிட்டார்கள். 480 கிரெயின் என்பது ஏறத்தாழ 31 கிராம். யானைக்கும் காட்டெருமைக்கும் இதுவே போதும் என்று வேட்டை உலகம் முடிவு செய்த வேளையில், இந்தியாவில் ஒரு தடை குறுக்கிட்டது. ராணுவத்தினர் பயன்படுத்திய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளின் குழலும் 450 அளவுடையதே. வேட்டைத் தோட்டாவிலிருந்து கழற்றிய குண்டுகள் கிளர்ச்சிக்காரர் கையிலுள்ள அத்துப்பாக்கிகளுக்குப் பயன்பட்டுவிடும் என்று அரசாங்கம் அஞ்சியது. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், அவ்வளவுள்ள தோட்டாக்களை இந்தியாவுக்குள் கொண்டுவருவது தடுக்கப்பட்டது. உடனே ஆங்கிலத் துப்பாக்கித் தொழிலாளர் 465 என்றும் 470 என்றும் 475 என்றும் புதிய அளவுகளைப் படைத்தார்கள். காட்டெருமைக்கு இவற்றுள் எதுவாயினும் ஒன்றே! இவற்றைப் பிறப்பித்தது காட்டின் தேவை அன்று, ஆட்சியாளரின் அச்சமே.

இவை யாவும் அருகிலிருந்து சுடுவதற்கு உரியவை. இமயத்தின் சரிவுகளிலோ தேவை வேறாக இருந்தது. காஷ்மீரத்து மார்க்கோர் ஆட்டையும், லடாக்கின் நீலாட்டையும் நாடிச் சென்றவர்கள், பள்ளத்தாக்கின் மறுகரையில் 200, 300 கஜத்துக்கு அப்பால் நின்ற விலங்கைக் குறிபார்க்க வேண்டியிருந்தது. ஒரே பயணத்தில் தராய்க் காட்டுப் புலியையும் பனிமலை ஆட்டையும் வேட்டையாட விரும்பியவன் எந்த ரைபிளைத் தோளில் சுமப்பது?

இக்கேள்விக்கு விடையாக 1912இல் வந்ததே ஹாலந்து அண்டு ஹாலந்து கம்பெனியாரின் 375 மாக்னம். மாக்னம் என்பது ‘பெரியது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். திராட்சை மது வணிகத்தில் இருமடங்கு கொள்ளும் குப்பிக்கு அப்பெயர் வழங்கியது. வழக்கத்தினும் மிகுதியான மருந்து கொள்ளும் தோட்டாவுக்கு அதுவே பெயராயிற்று. இத்தோட்டாவின் கூடு நீண்டு, நுனி நோக்கிச் சரிந்து குறுகும். அடியில் ஒட்டியாணம் போன்ற பித்தளை வளையம் ஒன்று உண்டு. சரிவான கூடு குழலுக்குள் மிகையாக இறங்கிவிடாமல் அவ்வளையமே நிறுத்திப் பிடிக்கும். வெப்ப நாடுகளில் கார்டைட்டின் அழுத்தம் மிகுந்து, சுட்ட கூடு குழலோடு ஒட்டிக்கொள்வது உண்டு. சரிவான கூடோ எளிதில் கழன்று வரும். 235, 270, 300 கிரெயின் என்று மூன்று எடைகளில் குண்டுகள் கிடைத்தன. இலேசான குண்டு எட்டத்துக்கு. கனத்தது பெரிய விலங்குக்கு. அதே கம்பெனியார் 1925இல் தொலைவுக்கென்றே 300 மாக்னத்தை வெளியிட்டார்கள். பின்னர் அமெரிக்கரும் இத்துறையில் முனைந்தனர். 1962இல் ரெமிங்டன் 7 மில்லிமீட்டர் மாக்னமும், 1963இல் வின்செஸ்டர் 300 மாக்னமும் அங்கே பிறந்தன.

இப்புதிய தோட்டாக்கள் உண்மையில் எதை அளித்தன? எதை அளிக்கவில்லை? இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. விநாடிக்கு 2,900 அடி வேகத்தில் புறப்படும் குண்டு 300 கஜத்தைக் கடக்க, ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியான நேரமே ஆகும். அதற்குள் அது இரண்டடி அளவே தாழும். பழைய ஆள் உயரத் தாழ்வோடு ஒப்பிட்டால் இது பெரும் வெற்றியே. ஆனால் அச்சிறு நேரத்துக்குள், மெல்ல நடக்கும் ஆடு ஒன்றரை அடி முன்னேறிவிடும். இதயத்தை நோக்கிச் சென்ற குண்டு வயிற்றில் பாயும். மணிக்குப் பத்து மைல் வேகமுள்ள குறுக்குக் காற்று குண்டை அரையடி விலக்கிவிடும். மருந்து மிகுந்தால் தோளில் விழும் உதையும் மிகும். அவ்வுதைக்கு அஞ்சியவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வான். தோட்டா தூரத்தைக் குறைத்தது. கண்ணையும் கையையும் அது திருத்தவில்லை. காயமுற்ற விலங்கு பள்ளத்தாக்கின் அக்கரையில் மறைந்துவிட்டால், அதனைத் தேடிச் செல்ல அரைநாள் நடக்கவேண்டும். நடவாமல் கூடாரத்துக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

அவ்வாறு தப்பிய விலங்கின் பிற்காலம் எத்தகையது என்பதைக் குமாவோன் மக்கள் நன்கு அறிவார்கள். 1907ஆம் ஆண்டில் சம்பாவத் என்னும் ஊருக்கருகே ஜிம் கார்பெட் ஒரு புலியைச் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்ற பெண்புலி அது. அதன் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்புறத்து மேல் கோரைப்பல் பாதியாகவும், கீழ்ப்பல் எலும்புவரையிலும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயமே இதற்குக் காரணம் என்றும், இயற்கையான இரையைக் கொல்ல முடியாமற் போனதால்தான் அப்புலி மனிதரை நாடியது என்றும் கார்பெட் எழுதினார். ஆட்கொல்லிப் புலிகள் தோன்றுவதற்கு இரை குறைதல், காடு சுருங்குதல், முள்ளம்பன்றியின் முள் தைத்தல் முதலிய காரணங்களும் உண்டு. ஆயினும் இந்த 436 உயிர்களின் கதை, குறி பிழைத்த ஒரு குண்டிலிருந்து தொடங்கியது. அக்குண்டைச் சுட்டவன் பெயரை வரலாறு அறியாது.

அன்று கார்பெட் கையில் இருந்தது 500 அளவுள்ள கனத்த ரைபிள். எடுத்துச் சென்ற தோட்டாக்களோ மூன்றே. மூன்றும் தீர்ந்தபின், உடன் வந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கியே இறுதியாகச் சுட்டார். அச்செயலைப் பாராட்டி, ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஹியூவெட் அவருக்கு ரிக்பி 275 ரைபிள் ஒன்றைப் பரிசளித்தார். ஜெர்மானிய மாஸர் ராணுவத் தோட்டாவே ஆங்கிலப் பெயர் பூண்டு வந்தது அது. மாக்னங்களோடு ஒப்பிட்டால் மிக எளியது. 1926இல் 125 பேரைக் கொன்ற ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை விழுந்ததும், 1930இல் சௌகட் பெண்புலி எட்டடி தூரத்தில் விழுந்ததும் இந்த 275இனால்தான். கார்பெட் கனத்த ரைபிள்களையும் பயன்படுத்தியவரே. ஆயினும் காட்டின் ஓசையையும் தடத்தையும் படித்து அவர் நெருங்கிச் சென்ற அந்தத் தூரமே, எந்தத் தோட்டாவையும்விட அவருக்குத் துணைநின்றது.

தென்னாட்டிலும் இவ்வரலாற்றுக்கு ஒரு கிளை உண்டு. நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளில் வாழும் வரையாட்டைத் தொலைவிலிருந்து சுடும் வேட்டை, ஆங்கிலேயரிடையே பரவியிருந்தது. ஆடுகள் அருகி வருவதைக் கண்டு, வேட்டைக்காரர்களே 1877இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1879இல் சென்னை அரசாங்கம் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல துப்பாக்கி வந்த இடத்தில் விலங்கு எஞ்சவேண்டுமானால், கட்டுப்பாடும் உடன் வரவேண்டும் என்பதை அம்மலை முன்னரே உணர்ந்துகொண்டது. அந்த வரையாடே இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு.

இந்தியா முழுவதற்கும் அவ்வுணர்வு வரச் சற்றுக் காலம் பிடித்தது. 1970இல் புலிவேட்டை நாடெங்கும் தடை செய்யப்பட்டது. 1972இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சிய புலிகள் 1,827 எனக் கண்டார்கள். 1973 ஏப்ரல் 1ஆம் தேதி கார்பெட் பூங்காவில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று. 1991ஆம் ஆண்டுத் திருத்தம், மீதமிருந்த உரிம வேட்டையையும் ஏறக்குறைய முடித்துவைத்தது. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் புலிகளின் எண்ணிக்கை சராசரியாக 3,682.

375ஆ 275ஆ என்ற வாதம் நம் காடுகளில் இவ்வாறு ஓய்ந்தது. வேகம் வேண்டியவரும் கனம் வேண்டியவரும் தத்தம் வகையில் நியாயம் பேசினார்கள். ஆனால், ‘இவ்வளவு தூரத்திலிருந்து நான் சுடலாமா?’ என்ற கேள்விக்கு எந்தத் தோட்டாவும் விடை சொல்லவில்லை. அது சுடுபவனின் மனச்சாட்சிக்கே விடப்பட்டது. அடுத்த முறை ராம்நகருக்குச் செல்லும் நேயர்கள், குழந்தைகளுக்குப் புலியைக் காட்டும்போது சம்பாவத்தின் உடைந்த பல்லையும் நினைவுகூர்ந்து சொல்வார்களாக. கருவி நீளும் அளவுக்குப் பொறுப்பும் நீளவேண்டும் என்பதே இந்த நூறாண்டு வரலாறு நமக்கு விட்டுச்சென்ற பாடம்.