வரையாத சுவர்

ஊர் வரைபடத்தில் ஒரு தெருவுக்கு அடியில் இன்னொரு தெரு போவது அபூர்வம். குகையில் அதுதான் வழக்கம். மேலே ஒரு பாதை, அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே ஓர் ஆறு. எல்லாவற்றையும் ஒரே தாளில் தட்டையாகப் போட்டாகணும். மேல் பாதையின் சுவரை முழுக்கோடாகவும், அடியில் மறைந்து போவதை விட்டுவிட்டு வரும் கோடாகவும் போடுவது பழைய பழக்கம்.

அந்த மறைந்த சுவர் எங்கே இருக்கு என்பது பல சமயம் காசு விஷயம். கென்டக்கியின் மேமத் குகையை 1908-இல் மாக்ஸ் கேம்பர் என்ற ஜெர்மானியர் அளந்தார். கூடப் போன வழிகாட்டி எட் பிஷப். அருமையான வரைபடம். ஆனால் குகையை நடத்தியவர்கள் அதை வெளியே விடவில்லை. பாதைகள் அடுத்தவர் நிலத்துக்கு அடியில் போவது அம்பலமாகிவிடும் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

பயம் நியாயமானதுதான். அதே வட்டாரத்தில் கிரேட் ஆனிக்ஸ் என்று ஒரு குகை. வாசல் எட்வர்ட்ஸ் என்பவர் நிலத்தில். சுற்றுலா நடத்திச் சம்பாதித்தார். பக்கத்து நிலத்துக்காரர் லீ, 'குகையில் ஒரு பகுதி என் மண்ணுக்கு அடியில் இருக்கு' என்று வழக்குப் போட்டார். லீயால் உள்ளே போய்ப் பார்க்கக்கூட முடியாது, வாசல்தான் அவரிடம் இல்லையே! குகையை அளக்கலாம் என்று 1929-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1936-இல் லாபத்தில் ஒரு பங்கு லீ தரப்புக்குப் போனது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. நாடாவும் திசைகாட்டியும் தருவது ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போகும் கோட்டை மட்டும்தான். சுவரைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்துக் கையால் வரைவார்கள். விட்டுவிட்டு வரும் கோடு ஒரு படத்தில் 'அடியில் போகுது' என்று சொல்லும், இன்னொன்றில் 'இங்கே இருக்கலாம்' என்று சொல்லும், வேறொன்றில் 'பார்த்தோம், அளக்கலை' என்று சொல்லும். எது எது என்று வரைந்தவருக்குத் தெரியும். அவர் போன பிறகு?

கணினிக்கு இப்படிப் பூசி மெழுகத் தெரியாது. ஸ்லோவாக்கியாவின் ஸ்டாகோ முத்ராக், மார்ட்டின் புதாய் இருவரும் 1999-இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் தெரியன். கிரேக்கத்தில் விலங்கு என்று பொருளாம். நம்ம காதுக்கு வேறு மாதிரி கேட்குது! அதில் சுவர்க்கோட்டுக்கு நிறைய உட்பிரிவுகள். அடியில் போவது ஒன்று, ஊகம் ஒன்று, அளக்காதது ஒன்று. சுவர் ஏன் முழுசாகத் தெரியவில்லை என்று வரைபவர் காரணம் சொல்லியாகணும். எனக்கு இந்த மென்பொருளில் ரொம்பப் பிடித்தது இந்தக் கறார்தான்.

இதையும் தாண்டி 'இன்விசிபிள்' என்றே ஒரு சுவர் உண்டு. தெரியனில் குகையைத் துண்டு துண்டாக வரைவோம். துண்டுக்குப் பெயர் ஸ்க்ராப். அதன் வெளிக்கோட்டை வைத்துத்தான் பாதைக்கு நிறம் பூசுவதும், முப்பரிமாண உருவம் கட்டுவதும் நடக்கும். குகை வாசலை எடுத்துக்குங்க. அங்கே சுவர் கிடையாது, வெளிச்சம்தான். ஆனால் உள்ளே எது, வெளியே எது என்று மென்பொருளுக்குச் சொல்லணும். அங்கே ஓர் இன்விசிபிள் சுவரைப் போட்டால் அச்சில் வராது, கணக்கில் வரும். இதற்கு நேர் எதிரும் முடியும்: வெளிக்கோடு 'இல்லை' என்று குறித்துவிட்டால் அந்தச் சுவர் அச்சில் வரும், கணக்கில் வராது. ஹால் நடுவில் நிற்கும் பெரிய தூணுக்கு வேறு குறிப்பு, 'உள்' என்று. அந்த இடத்தை மென்பொருள் பாதையிலிருந்து கழித்துவிடும்.

இன்னொருவர் வரைந்த கோப்பு கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இந்த இன்விசிபிள் சுவர்களைத்தான். வாசலிலோ துண்டை வெட்டிய இடத்திலோ இருந்தால் சரி. பாதை நடுவில் இருந்தால், அங்கே உண்மையில் என்ன பார்த்தீங்க என்று வரைந்தவரைக் கேட்டுவிடுவேன்.