நிலஎடுப்பு அறிவிக்கைக்குப் பின் கிரயம் பெற்றோரின் இழப்பீட்டு உரிமை

1894ஆம் ஆண்டின் நிலஎடுப்புச் சட்டம், நான்காம் பிரிவு அறிவிக்கைக்குப் பின் நிலத்தை விற்பதை வெளிப்படையாகத் தடைசெய்யவில்லை. எனினும் அத்தகைய கிரயம் அரசைக் கட்டுப்படுத்தாது. வாங்கியவர், விற்றவரின் உரிமைவழி இழப்பீடு மட்டுமே கோரலாம். தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் தொடர்பான 2012 வழக்கிலும் உச்சநீதிமன்றம் இதையே வலியுறுத்தியது.

ஐந்தாண்டுகளுக்கு முன்பே தீர்வம் பிறப்பிக்கப்பட்டும் நிலத்தின் உடைமை எடுக்கப்படாமலும் இழப்பீடு வழங்கப்படாமலும் உள்ள எடுப்புகள் காலாவதியாகும் என்ற 2013 சட்டத்தின் 24(2) பிரிவு புதிய வினாவை எழுப்பியது. பின்னர் வாங்கியவரும் அப்பயனைக் கோரலாம் என்றது மானவ தர்ம அறக்கட்டளை வழக்கு (2017). 2019 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதனை மறுத்து, பழைய நிலையை மீட்டது. ஊகவணிகரைத் தடுப்பதற்கு அது பொருந்தும். ஆனால் வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி நல்லம்பள்ளியில் சிறு மனை வாங்கும் குடும்பத்தையும் அது அவ்வணிகருடன் ஒன்றாகவே வைக்கிறது. 2013 சட்டத்தின் 11(4) பிரிவோ, முதனிலை அறிவிக்கைக்குப் பின் நிலப் பரிமாற்றத்தையே தடைசெய்கிறது.