லூமுட் துறையும் ரவையின் பயணமும்

ஒரு மக்களின் வரலாறு அரசாணைகளில் மட்டுமன்று, அவர்தம் அடுக்களையிலும் எழுதப்படுகிறது. பேராக் மாநிலத்தின் லூமுட் துறை இதற்குத் தக்க சான்றாகும்.

1874-ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கையால் டிண்டிங்ஸ் பகுதி ஆங்கிலேயர் வசமாயிற்று. நீரிணைக் குடியேற்றங்களுடன் இணைந்திருந்த அப்பகுதி 1935-இல் பேராக்கிற்குத் திரும்பியது. அக்காலத்தில் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்க்கு அரிசியே உயிர்நாடி. அதில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலேறி வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தனர். அரிசி வரவு அருகியது. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். தொலைவில் விளையும் தானியத்தை மட்டுமே நம்பி வாழ்வதன் ஆபத்தை அவ்வாண்டுகள் கற்பித்தன. அதே போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில்தான் பெங்களூரின் எம்.டி.ஆர். உணவகத்தில் ரவை இட்லி பிறந்ததாகக் கூறுவர்.

விடுதலைக்குப்பின், 1966-ஆம் ஆண்டில், லூமுட்டில் மலாயன் பிளவர் மில்ஸ் நிறுவனத்தின் மாவாலை இயங்கத் தொடங்கியது. மலேசிய மண்ணில் கோதுமை பயிராவதில்லை. கடல் கடந்தே வருதல் வேண்டும். ஆகவே கப்பல் அணையும் துறையே ஆலைக்கு ஏற்ற இடமாயிற்று. ஆலையில் கோதுமையை நீரிட்டுப் பதப்படுத்துவர், வரியிட்ட உருளைகளுக்கிடையே உடைப்பர், பின்னர்ச் சலிப்பர். இடையில் கிடைக்கும் குறுமணியே ரவை. அதனை மேலும் அரைத்தால் மாவு. ஒரு காலத்தில் திரிகைக் கல்லில் பெண்கள் செய்த வேலையை இயந்திரம் ஏற்றது.

இந்த ரவைக்கு வட ஆப்பிரிக்காவில் ஓர் உறவுண்டு. அதுவே கூஸ்கூஸ். கடினக் கோதுமை ரவையில் நீர் தெளித்து, கையால் உருட்டி, குழம்பு கொதிக்கும் பானைமேல் துளைப்பாத்திரம் வைத்து ஆவியில் வேகவைப்பர். மாவைப் பிசிறி ஆவியில் அவிக்கும் நம் புட்டும் இவ்வகையினதே. மதுரையில் வந்திக் கிழவி அவித்த பிட்டை நாம் புராணமாகப் போற்றுகிறோம். கூஸ்கூஸ் சமைக்கும் மரபை 2020-இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றது. அல்ஜீரியா, மொரிடானியா, மொராக்கோ, துனீசியா ஆகிய நான்கு நாடுகளும் இணைந்தே அவ்வேற்பைக் கோரின.

இன்று கூஸ்கூஸ் முன்பே ஆவியில் வெந்து, உலர்ந்து, பொட்டலமாகக் கடைகளில் கிடைக்கிறது. வெந்நீர் ஊற்றினால் போதும். 'இயற்கை வேளாண்மை' என்னும் முத்திரை, செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் தவிர்த்த விளைச்சல் முறையைச் சொல்லும். உருட்டிய கைகளின் வரலாற்றைச் சொல்லாது. புட்டுமாவுப் பொட்டலத்திற்கும் இது பொருந்தும். பொட்டலம் உழைப்பைக் குறைத்தது, அதனைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் மாவின் பதத்தை விரலால் அறிந்த பாட்டிமார் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவ்வறிவை மாணவர் கேட்டு எழுதி வைப்பாராயின், அதுவும் வரலாற்றுப் பணியே ஆகும்.